ஒழுங்கைப் போனில் ஊர் விபரம்: அழிக்கும் முறை எட்டுப் படிகளில்

திருகோணமலையில் ஆளுக்கு ஆள் போன் இருக்கிறது. ஆனால் போம் நிரப்புகிற போன் ஒழுங்கைக்கு ஒன்றுதான். பெரும்பாலும் அது ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் கையில் இருக்கும். இல்லாவிட்டால் கச்சேரியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரின் சட்டைப் பையில் இருக்கும். அடையாள அட்டையைத் தொலைத்தவர், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பவர், பிள்ளைக்கு வெளிநாட்டில் சம்பந்தம் பேசுபவர், மின்சாரப் பட்டியல் கட்ட வங்கிக்குப் போக அலுப்புப்படுபவர் எல்லாரும் அந்தப் போனைத் தேடித்தான் வருவார்கள். “தம்பி, இதை ஒருக்கா நிரப்பித் தாறியா?” என்பார்கள். தம்பியும் நிரப்பிக் கொடுப்பான். தேத்தண்ணி வரும், சில நாளில் வடையும் வரும். அலுவல் முடிந்ததும் வந்தவர் போய்விடுவார். அவருடைய பெயரும் பிறந்த திகதியும் அடையாள அட்டை எண்ணும் வீட்டு இலக்கமும் மட்டும் போகாமல் போனுக்குள்ளேயே குடியிருக்கும்.

இந்தக் கையேடு அந்தத் தம்பிக்கும், அதே வேலையைச் செய்யும் தங்கைக்கும், ஓய்வுபெற்ற ஐயாவுக்கும் உரியது. தன் போனில் தன் விபரத்தை மட்டும் வைத்திருப்பவர் இதை வாசிக்க வேண்டியதில்லை. அப்படியொருவர் துறைமுகத்தைச் சுற்றியுள்ள இந்த ஊர்களில் இருந்தால் அவரோடு கதைக்க எமக்கும் ஆசை.

தேவையானவை

போன் ஒன்று, சார்ஜ் பாதிக்கு மேல். வாசிக்கிற கண்ணாடி. ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும். காய்ந்த விரல் ஒன்று: மீன் சந்தையில் நிற்பவர்கள் போனைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக்கொண்டு பைக்கு மேலாலேயே தட்டுவது வழமை. கதைக்க அது போதும், அழிக்கப் போதாது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்றுக்குச் சரி விழும்.

கடைசியாக, யாரும் வராத அரை மணி நேரம். மற்றவற்றைக் கடையில் வாங்கலாம்.

முதலாம் படி: என்ன கிடக்கிறது என்று பாருங்கள்

பிரவுசர், நீங்கள் எழுதுவதை நான்கு லாச்சிகளில் பிரித்துப் போட்டு வைக்கிறது. முதல் லாச்சியில், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நீங்கள் தட்டெழுதிய தனித்தனிச் சொற்கள். இரண்டாவதில் பெயர், விலாசம், தொலைபேசி எண் எல்லாம் ஆளுக்கு ஒரு கட்டாக. மூன்றாவதில் வங்கி அட்டைகள். நான்காவதில் கடவுச்சொற்கள். ஊரில் பலர் “நான் எல்லாத்தையும் அழிச்சிட்டன்” என்று சொல்லும்போது அழித்திருப்பது இந்த நான்கிலும் சேராத ஹிஸ்டரியை. நீங்கள் எந்தெந்தப் பக்கத்துக்குப் போனீர்கள் என்பதுதான் அதில் இருந்தது. அங்கே போய் என்ன எழுதினீர்கள் என்பது ஒருநாளும் அதில் இருந்ததில்லை.

ஏதாவதொரு பக்கத்தில் ‘பெயர்’ என்ற பெட்டியைத் தொட்டு, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ‘எஸ்’ என்றால் மூன்றாம் வீட்டு மாமியின் முழுப்பெயர், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி இறங்கும். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அவருக்கு அப்படியொரு பெயர் இருப்பது போம் நிரப்பிய அன்றுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ‘எம்’ என்றால் கிண்ணியாவிலிருந்து மீன் எடுக்க வரும் நானா, மூன்று விதமான எழுத்துக்கூட்டலில். ‘கே’ என்றால் நிலாவெளியில் உங்கள் சித்தப்பாவின் கெஸ்ட் ஹவுஸில் தங்கிப் புறாமலைக்குப் போய்வந்த ஜெர்மன்காரர். ‘ஏ’ என்றால் ‘ஏஏஏஏஏ’. நெட் வேலை செய்கிறதா என்று பார்க்க நீங்களே எழுதியது அது. அதையும் ஒரு மனிதராக மதித்துத்தான் பிரவுசர் வைத்திருக்கிறது.

அடுத்து விலாச லாச்சி. குரோமில் மேலே வலது மூலையிலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘செட்டிங்ஸ்’ உள்ளே போனால் ‘அட்ரசஸ்’ என்று தொடங்கும் வரி இருக்கும். ஒரே வீடு அங்கே உவர்மலையில் ஒருமுறையும் ஓர்ஸ் ஹில்லில் ஒருமுறையும் கட்டப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே இடம் என்பது பிரவுசருக்குத் தெரியாது. பழைய விலாசத்தை விட்டுவைப்பதில் இந்த ஊருக்கும் பழக்கம் உண்டு. 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் அவர்களிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பவும் ஒல்லாந்தர், 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். கோட்டைக்கு இன்றுவரைக்கும் ஓர் ஆங்கிலேய இளவரசரின் பெயர். பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறிவிட்டது, டொக்யார்ட் வீதி மட்டும் ஏறவில்லை. ஆகவே, உங்கள் போனில் ஐந்து வருடத்துக்கு முன் அலஸ்தோட்டத்தில் வாடகைக்கு இருந்தவரின் விலாசம் கிடந்தால் வெட்கப்பட வேண்டாம். அதை அழித்தால் போதும்.

இரண்டாம் படி: அடையாள அட்டை எண்ணுக்கு முதலிடம் கொடுங்கள்

அடையாள அட்டை எண் வெறும் இலக்கம் என்று நினைப்பவர்கள் இந்தப் படியைக் கவனமாக வாசிக்கவும். பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கம், அந்த வருடத்தில் எத்தனையாம் நாள் பிறந்தார் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். 2016 முதல் கொடுக்கப்படும் புதிய எண்ணில் பன்னிரண்டு இலக்கம். வருடம் நான்கு இலக்கமாக விரிந்தது, பிறந்த நாளின் கணக்கு மாறவில்லை.

எண் 72545 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் 1972. 545இலிருந்து 500ஐக் கழித்தால் 45. ஜனவரிக்கு 31 போனால் மிச்சம் 14. ஆகவே 1972 பெப்ரவரி 14இல் பிறந்த பெண். உங்கள் ஒழுங்கையில் பல வருடமாக “எனக்கு நாற்பதுதானே ஆகுது” என்று சொல்லிக்கொண்டிருக்கும் அக்காவின் இரகசியம், போம் நிரப்பிய பிள்ளையின் போனில் ‘7’ என்று தட்டினாலே வெளியே வரும். அக்கா தன் வயதை நம்பிக் கொடுத்தது உங்களிடம். நீங்கள் போனை விளையாடக் கொடுத்தது உங்கள் தம்பியிடம். தம்பி கணக்கில் கெட்டிக்காரன்.

இந்த எண்கள் எல்லாம் எப்போது இவ்வளவாகச் சேர்ந்தன என்று கேட்டால் விடை சுலபம்: 2022 ஜூலை. எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்த மாதம். அடையாள அட்டை எண், வாகன எண், சேஸி நம்பர், தொலைபேசிக்கு வரும் ஓ.ரி.பி. எல்லாம் கொடுத்துப் பதிய வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. உள்துறைமுகத்துக்கு அப்பால் சீனன்குடாக் காட்டுக்குள், பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்க் குதங்கள் 99 நிற்க, இக்கரையில் ஓட்டோக்கார அண்ணைமார் 5 லீற்றருக்காக உங்கள் படலையைத் தட்டினார்கள். நீங்கள் நல்ல மனதோடு ஒழுங்கை முழுவதையும் பதிந்துகொடுத்தீர்கள். அந்த முறை 2023 செப்டெம்பர் 1இல் நிறுத்தப்பட்டது. சேஸி நம்பர்களுக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. அவை இன்னும் போனுக்குள் வரிசையில் நிற்கின்றன.

தனியொன்றை அழிக்க: பட்டியலில் அந்த எண் இறங்கியதும் அதன்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்திருங்கள். குரோம், நீக்கவா என்று கேட்கும். ஓம் என்று சொல்லுங்கள்.

மூன்றாம் படி: பெறுபேற்றுப் பெட்டியைத் துடையுங்கள்

பெறுபேறு வெளிவரும் இரவு உங்களுக்குத் தெரியும். பரீட்சைத் திணைக்களத்தின் பக்கம் திறக்காது. திறந்தால் சுற்றும். சுற்றி முடிந்தால் டேட்டா முடியும். அந்த நேரத்தில் டேட்டா மிச்சமிருக்கிற ஒரே போன் உங்களுடையது. பிள்ளைகள் சுட்டெண்ணைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள், தாய்மார் பின்னால் வருவார்கள், அம்மம்மாமார் நேர்த்தி வைத்துவிட்டுப் பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துச் சொல்வீர்கள். சிரிப்பவர் சிரிப்பார், அழுபவர் அழுவார், ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போவதும் உண்டு.

மறுநாள் காலை அந்தப் பெட்டியில் ஓர் இலக்கத்தை மட்டும் தட்டிப் பாருங்கள். ஒழுங்கை முழுவதும் வரிசையாக இறங்கி நிற்கும். எந்த எண் எந்த வீட்டுப் பிள்ளையுடையது என்பது உங்களுக்கு மனப்பாடம். ஒரு தட்டு, ஓர் ‘என்டர்’, பாடவாரியாக எல்லாம் வந்துவிடும். இரண்டு எஸ்ஸும் ஓர் எஃப்பும் என்பது உட்பட. “பார்க்கமாட்டன்” என்று நீங்கள் சத்தியம் செய்யலாம். உங்கள் அம்மா செய்வாரா?

ஆகவே, அன்றிரவு கடைசிப் பிள்ளை படலையைத் தாண்டியதும் பெட்டியைத் துடைத்துவிடுங்கள். ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாவிட்டால் நான்காம் படிக்குப் போகவும்.

நான்காம் படி: மொத்தமாக அழித்தல்

குரோமில் மூன்று புள்ளி, ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அன்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘டிலீட் பிரவுசிங் டேட்டா’. பழைய பதிப்பில் ‘கிளியர் பிரவுசிங் டேட்டா’ என்றிருக்கும். மேலோட்டமான பட்டியலோடு நின்றுவிடாமல் ‘அட்வான்ஸ்ட்’ அல்லது ‘மோர் ஒப்ஷன்ஸ்’ உள்ளே போங்கள். அங்கேதான் ‘ஓட்டோஃபில் ஃபோர்ம் டேட்டா’ என்ற வரி இருக்கிறது. அதற்குச் சரி போடுங்கள்.

அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். மேலே கால எல்லை ஒன்று இருக்கும். கடைசிச் சில நிமிடங்கள், ஒரு மணி நேரம், ஒரு நாள் என்று கேட்கும். அதை மாற்றாமல் அழித்தால் இன்று காலை எழுதியது மட்டும் போகும், 2022 ஜூலை அப்படியே இருக்கும். ‘ஓல் டைம்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இந்த ஒரு சரியோடு முதல் மூன்று லாச்சிகளிலும் அந்தப் போனில் கிடப்பவை போய்விடும். கூகுள் கணக்கில் சேமித்த வங்கி அட்டைகள் போகமாட்டா, அவற்றைக் கணக்கின் ‘பேமென்ட்ஸ்’ பக்கத்துக்குப் போய்த்தான் நீக்க வேண்டும்.

சில பதிப்புகளில் ‘சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்’ என்ற வரியும் அருகிலேயே நிற்கும். அதற்குச் சரி போடுமுன் சீ.ஆர். கொப்பியைத் திறவுங்கள். உங்கள் கடவுச்சொல், அப்பாவின் வங்கிக் கணக்கு, சித்தியின் பேஸ்புக், கோயில் சபையின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் முதலில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து வீட்டார் உங்கள் வாசலில் நிற்பார்கள். எழுதிய கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். கையில் எடுத்துக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போக வேண்டாம். கோட்டை வாசலில் திரியும் மான்கள் கச்சான் சரைக்கும் கடவுச்சொல்லுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

சாம்சங் போன் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் போனில் பிரவுசர் இரண்டு இருக்கும். குரோம் ஒன்று, சாம்சங்கின் சொந்த பிரவுசர் ஒன்று. ஒன்றை அழித்தது மற்றதற்குத் தெரியாது. இரண்டையும் தனித்தனியே கவனியுங்கள்.

ஐந்தாம் படி: கணக்கு யாருடையது என்று விசாரியுங்கள்

போன் உங்களுடையதாக இருக்கலாம். உள்ளே இருக்கும் கூகுள் கணக்கு யாருடையது? போன் வாங்கிய அன்று கொமியூனிகேஷன் கடைப் பெடியன் திறந்துதந்ததா? அல்லது லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் “இதைப் போடு, பிறகு மாத்தலாம்” என்று தன்னுடையதைப் போட்டுவிட்டுப் போனதா? இந்த ஊரில் ‘பிறகு’ என்பது நீண்ட காலம்.

‘சிங்க்’ திறந்திருந்தால் இங்கே எழுதியது அங்கேயும் போகும். அங்கே எழுதியது இங்கேயும் வரும். உங்கள் போனில் திடீரென்று ஹரோவில் ஒரு விலாசம் முளைத்தால் காரணம் அதுதான். மச்சானின் லண்டன் போனில் பாலையூற்று ஓட்டோக்கார அண்ணையின் பெயர் முளைத்ததற்கும் காரணம் அதுவே. அழிப்பதும் அப்படித்தான். இங்கே நீங்கள் கடவுச்சொற்களை அழித்தால், அதே கணக்கில் இருக்கும் அவருடைய போனிலிருந்தும் போய்விடும். ஆகவே அழிக்குமுன் ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள். நேர வித்தியாசத்தைப் பார்த்து எடுங்கள். முதல் அரை மணி நேரம் அவர் உங்கள் படிப்பைப் பற்றிக் கேட்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதைத்து முடித்ததும் உங்களுக்கென்று ஒரு கணக்கைத் திறந்து, பழையதைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: வெளிநாட்டிலிருந்து வந்த ஐபோனுக்கு

அண்ணா கனடாவில் புது ஐபோன் வாங்கும்போது பழையது பெட்டிக்குள் சொக்கிலேற்றோடு சேர்ந்து திருகோணமலைக்கு வரும். அதில் சபாரி இருக்கும். சபாரியில் ‘கிளியர் ஹிஸ்டரி அன்ட் வெப்சைட் டேட்டா’ என்ற பெரிய வரியைக் கண்டதும் அழுத்திவிட்டுச் சந்தோஷப்படுவது எல்லாரும் செய்வதுதான். அதனால் ஓட்டோஃபில் விபரத்தில் ஒரு புள்ளிகூட மாறாது என்று அப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது.

சரியான இடம் வேறு. போனின் ‘செட்டிங்ஸ்’ உள்ளே ‘சபாரி’, அதற்குள் ‘ஓட்டோஃபில்’. புதிய ஐ.ஓ.எஸ். பதிப்புகளில் ‘அப்ஸ்’ என்ற வரிக்குள் போன பிறகுதான் ‘சபாரி’ வரும். அங்கே ‘சேவ்ட் கிரெடிட் கார்ட்ஸ்’ இருக்கும், அண்ணாவின் அட்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். ‘மை இன்ஃபோ’ என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள். சபாரி பெயரையும் விலாசத்தையும் எடுப்பது அங்கே காட்டிய தொடர்பு அட்டையிலிருந்து. அது இன்னும் அண்ணாவுடையதாக இருந்தால், நீங்கள் மூதூரில் இருந்து நிரப்புகிற போம் எல்லாம் ஸ்காபரோவில் வசிப்பவர் நிரப்பியதாகவே போகும். பிரதேச செயலகத்தில் அதைத் திருத்த எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும் என்பது இந்தக் கையேட்டின் எல்லைக்கு வெளியே.

ஏழாம் படி: கீபோர்ட்டைச் சந்தேகியுங்கள்

எல்லாம் அழித்தாயிற்று. வட்ஸ்அப்பில் யாருக்கோ “நான் எஸ்...” என்று தொடங்குகிறீர்கள். மூன்றாம் வீட்டு மாமியின் முழுப்பெயர் திரும்பவும் வந்து நிற்கிறது. பேய் அல்ல. பிரவுசரும் அல்ல. கீபோர்ட்.

பிரவுசர் தனக்குள் எழுதியதை மட்டும் ஞாபகம் வைக்கும். கீபோர்ட் எல்லா இடத்திலும் நீங்கள் எழுதுவதைப் பார்த்துப் பழகும். கூகுளின் ஜிபோர்ட் என்றால் அதன் செட்டிங்ஸில் ‘பிரைவசி’ உள்ளே, பழகிய சொற்களையும் தரவையும் நீக்கும் வரி இருக்கிறது. அழுத்தியதும் திரையில் ஓர் இலக்கத்தைக் காட்டி, அதைத் திரும்ப எழுதச் சொல்லும். உண்மையாகவே அழிக்க விரும்புகிறீர்களா என்று நிச்சயப்படுத்தத்தான். எழுதுங்கள். அதற்குப் பிறகு சில நாளைக்குக் கீபோர்ட் உங்கள் பேச்சுத் தமிழைப் புரியாமல் தடுமாறும். “கிடக்கு” என்று எழுதினால் “கிழக்கு” என்று திருத்தும். திருகோணமலைக்குப் பொருத்தம்தான், விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: இனிமேல் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

அழிப்பதைவிடச் சேர்க்காமலிருப்பது சுலபம். குரோமில் விலாச வரிக்குள்ளேயும் அட்டை வரிக்குள்ளேயும் ‘சேவ் அன்ட் ஃபில்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

மற்றவருக்குப் போம் நிரப்பும்போது மூன்று புள்ளியைத் தொட்டு ‘இன்கொக்னிட்டோ’ பக்கத்தைத் திறவுங்கள். அதில் எழுதியதைக் குரோம் சேமிக்காது. பக்கத்தை மூடினால் அந்த அலுவல் அதோடு சரி. ஒரேயொரு சிக்கல்: திரை முழுவதும் கறுத்து, தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஓர் உருவம் வந்து நிற்கும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் மாமி விடமாட்டார்.

“இதென்ன தம்பி, கள்ளனைப் போல ஒருத்தன்?”

“அது மாமி, உங்கட நம்பர் என்ட போனில தங்காம இருக்க.”

“ஏன், தங்கினா என்ன? நீ எங்கட பிள்ளைதானே.”

இதற்கு மறுமொழி கண்டுபிடிப்பது கஷ்டம். மறுமொழி சொல்லாமல் நிரப்புங்கள்.

எச்சரிக்கை

“சேர்ந்து கிடந்தால் என்ன, அது என் போனுக்குள்தானே” என்பவர்களுக்கு இரண்டு செய்தி. 2017 ஜனவரியில் பின்லாந்தைச் சேர்ந்த வில்யாமி குவோஸ்மனென் என்ற மென்பொருள் உருவாக்குநர் ஒரு சிறிய பக்கத்தைச் செய்து காட்டினார். பெயர், மின்னஞ்சல் என்று இரண்டே பெட்டிதான் கண்ணுக்குத் தெரியும். தொலைபேசி, விலாசம் போன்றவற்றுக்கான மற்றப் பெட்டிகள் திரைக்கு வெளியே மறைத்து வைக்கப்பட்டிருந்தன. பிரவுசர் நீட்டிய ஓட்டோஃபில்லை ஒருமுறை தொட்டால் மறைந்த பெட்டிகளும் சேர்ந்து நிரம்பின. அதே வருடம் டிசம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். விளம்பரத்துக்காக ஆட்களைப் பின்தொடரும் இரண்டு நிறுவனங்களின் நிரல்கள், கண்ணுக்குத் தெரியாத லொகின் பெட்டியை வைத்து, பிரவுசர் தானாக நிரப்பும் மின்னஞ்சலைப் பிடித்துக்கொண்டிருந்தன. உலகில் அதிகம் பார்க்கப்படும் பத்து இலட்சம் தளங்களில் 1,110இல் அவை இருந்தன.

இனி ஒழுங்கைப் போனுக்கு வாருங்கள். மலிவு விலையில் வலை விற்பதாகச் சொல்லும் ஒரு பக்கத்தில் ஓட்டோஃபில் நீட்டிய பட்டியலில் விரல் தவறி மாமியைத் தொட்டால், போகிறது உங்கள் விலாசமா? மாமியினுடையது. அவர் அந்தப் பக்கத்தைக் கண்டதுமில்லை, வலை வாங்க வேண்டிய தேவையுமில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் தனியாள் ஒருவர் முற்றிலும் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் விபரத்துக்கு அது ஏற்புடையதல்ல என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அது வங்கிக்கும் கம்பனிக்கும் எழுதப்பட்டது. தேத்தண்ணிக்கும் வடைக்கும் போம் நிரப்பும் பிள்ளையின் போனுக்குள் சட்டம் எட்டிப்பார்க்காது. அங்கே காவல் அந்தப் பிள்ளைதான்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*போனை விற்கப்போகிறேன். பிரவுசரை மட்டும் அழித்தால் போதுமா?*
போதாது. முதலில் கூகுள் கணக்கைப் போனிலிருந்து எடுங்கள், பிறகு ‘ஃபக்டரி ரீசெட்’ செய்யுங்கள். விற்கவில்லை, அம்மாவுக்குக் கொடுக்கப்போகிறேன் என்றாலும் இதைச் செய்யுங்கள். அம்மாவிடம் போகும் போன் சித்தியிடம் போகும், சித்தியிடமிருந்து எங்கே போகும் என்று கோணேசருக்குத்தான் தெரியும்.

*திருத்தக் கொடுக்கும் போனுக்கு?*
திரை உடைந்த பிறகு அழிக்க முடியாது. ஆகவே உடையுமுன் அழித்து வைக்கவும்.

*அழித்த பிறகு போம் நிரப்ப நேரம் பிடிக்கிறதே?*
பிடிக்கும். அந்த நேரத்தில் தேத்தண்ணியைக் குடியுங்கள்.

*எல்லாம் அழித்துவிட்டேன். ஆனாலும் முன்வீட்டு அக்கா என் மகளின் ஏ.எல். பெறுபேற்றைப் பாடவாரியாகச் சொல்கிறாரே?*
அது பிரவுசர் அல்ல. அதற்கு ‘ஓல் டைம்’ என்ற தெரிவு இன்னும் வரவில்லை.

*ஆட்களிடம் “உங்கட விபரத்தை அழிச்சிட்டன்” என்று சொல்ல வேண்டுமா?*
சொல்லாதீர்கள். சொன்னால், “அப்ப இவ்வளவு நாளும் வச்சிருந்தியா?” என்ற கேள்வி வரும்.

*இவ்வளவு கரைச்சல் எதற்கு? இனி யாருக்கும் போம் நிரப்பித் தரமாட்டேன் என்று சொன்னால் முடிந்ததுதானே?*
சொல்லிப் பாருங்கள். மாமி முகத்தைத் தூக்கிக்கொண்டு சந்தியிலுள்ள கடைக்குப் போவார். அங்கே காசு கொடுத்து நிரப்புவார். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் அங்கிருக்கும் கணினிக்குள் போகும், வீட்டு இலக்கமும் போகும், ஓ.ரி.பி.யைச் சத்தமாக வாசித்தும் காட்டுவார். அதையெல்லாம் அழித்தார்களா என்று அவரும் கேட்கமாட்டார், அவர்களும் சொல்லமாட்டார்கள். உங்களிடம் வந்தால், நீங்கள் மேலேயுள்ள எட்டுப் படியையும் வாசித்தவர். ஆகவே நிரப்பிக் கொடுங்கள். மாமி படலையைச் சாத்துமுன் பக்கத்தை மூடுங்கள்.